ஏழாவது மெட்டு

கடைக்காரன் ஃபிரெட் என்பான்.
வீணைக்காரர்களுக்கு அது மெட்டு.
எனக்கு, அடிக்கணக்கில் வாங்கி
வெட்டி, வளைத்து,
பத்து மணிக்குள் அடித்து முடிக்கவேண்டிய நிக்கல் கம்பி.
பத்துக்கு மேல் சுத்தியல் கேட்டால்
பக்கத்து வீட்டு கமாருடின் அண்ணன்
கேட்டைத் தட்டிவிடுவார்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
ஆறு கிட்டார், இரண்டு பேஸ் செய்திருக்கிறேன்,
ஒரு பாட்டை முழுசாக வாசிக்கத் தெரியாது.
பகலில் லாபிஸ் பக்கத்து செம்பனை ஆலையில்
தராசுக் குமாஸ்தா.
குலை ஏற்றிய லோரி ஏறும், எண் எரியும், சீட்டுக் கிழிப்பேன்.
அந்தச் சீட்டின் முதுகில்தான்
முதல் பேஸுக்குக் கணக்குப் போட்டது:
எண்ணூற்று அறுபத்து நான்கு மில்லிமீட்டர்,
வகுத்தல் பதினேழு புள்ளி எட்டு ஒன்று ஏழு,
மிச்சத்தை மறுபடி வகு,
மறுபடி.
மெட்டுக்கு மெட்டு இடைவெளி சுருங்கிக்கொண்டே போகும்,
சம்பள நாளிலிருந்து மாதக்கடைசிக்குப் போவதுபோல.

இந்த மூன்றாவது பேஸ்
டயர்க்கடை தொபியாஸ் கேட்டது.
சனிக்கிழமை கல்யாண விருந்து, ஞாயிற்றுக்கிழமை கோயில்,
இரண்டுக்கும் ஒன்றே போதும் என்றான்.
உடம்புக்குப் பால்மரம்.
மூவார் நாற்காலி ஆலை கழித்துப்போட்டது,
நீலப்பூஞ்சை ஓடியதால் கப்பலேறாத துண்டுகள்.
கழுத்துக்கு மெர்பாவ்.
அறுத்தால் செம்மண் நிறத்தில் தூள் பறக்கும்,
இரண்டு நாள் மூக்கு சிந்தினால் வெற்றிலைச் சாறு.
கார் இல்லாத கார் போர்ச்சில்
லாக்கர் அடித்தேன், மழை வந்தது,
மரமெல்லாம் பாலாடை கட்டினாற்போல் வெள்ளை பூத்தது.
சுரண்டினேன்.
வெயிலுக்குக் காத்திருந்தேன், அடித்தேன்,
மழை வந்தது.
மகள் ஜன்னல் வழியாகப் பார்த்து
"அம்மா, நீ லாக்கர் டின்னைத் தொட்டாலே
துணி எடுத்துவிடுகிறேன்" என்றாள்.

நவம்பர் கடைசியில் தொபியாஸ் வந்தான்.
விரலிடுக்கில் ரப்பர்க் கறுப்பு.
வாசித்தான்.
போர்ச் கூரை அதிர்ந்தது,
அலமாரியில் திருகாணி டப்பா தானே நடந்தது,
எனக்கு உள்ளங்கால் கூசியது.
அப்புறம் மெல்லிய கம்பியில்
ஏழாவது மெட்டில் விரலை வைத்தான்.

டும்.
அவ்வளவுதான்.
ஆறாவது ரீங்கரிக்கிறது, எட்டாவது ரீங்கரிக்கிறது,
ஏழாவது மட்டும்
ஈரத்துணியில் விழுந்த கல்.

"பரவாயில்லக்கா,
அந்த இடத்துக்குப் போகாம வாசிச்சிக்கிறேன்."

இதைவிட அவன் திட்டியிருக்கலாம்.

மெட்டைத் தட்டிப் பார்த்தேன், கம்பி மாற்றினேன்.
கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கோலைக்
கால் சுற்று முறுக்கினேன், தளர்த்தினேன்.
பிறகு சும்மா,
வேறெதுவும் தோன்றாமல்,
தலைப்பக்கம் ஒரு சின்னக் கிளாம்பை மாட்டி மீட்டினேன்.
ஏழாவது பேசியது.

மரத்துக்கும் ஓர் ஆட்டம் உண்டு.
கம்பியின் ஆட்டமும் அதுவும் ஒத்துப்போகும் இடத்தில்
கழுத்து கம்பியின் மூச்சைக் குடித்துவிடும்.
கனத்தை மாற்றினால்
குடிக்கும் இடம் மாறும்.
ஆ லியோங் கடையில் தூண்டில் ஈயம் வாங்கினேன்.
முப்பது கிராம் போதவில்லை, ஐம்பது அதிகம்,
நாற்பதைத் தலையின் பின்புறம் குடைந்து புதைத்து
மேலே மெர்பாவ் மூடி ஒட்டினேன்.
குறை எங்கும் போய்விடவில்லை.
ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே,
யாரும் குறிவைத்து விரல் வைக்காத இடத்தில் இருக்கிறது.
தொபியாஸிடம் சொன்னேன். சிரித்தான்.
பாதிப் பணம்,
மீதிக்கு என் கஞ்சிலுக்கு இரண்டு டயர்.

மறுநாள் காலை ஏழே கால்.
முதல் லோரி ஏறியது.
"சரியா நிறுக்கா" என்றான் ஓட்டுநர்.
எண் எரிந்து நின்றது.
இருபது கிலோவுக்குக் கீழே
இந்தத் தராசுக்குக் கண் தெரியாது.
சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு
அடுத்ததன் முதுகில் எழுதினேன்:
நான்காவது பேஸ். ஐந்து கம்பி. ஈயம்?