மூன்றே முக்கால் மணி வெயில்

பார்தாங் பள்ளத்தாக்கில், பிப்ரவரியில்,
பத்தரைக்குத்தான் சூரியன் மலையேறி வரும்.
இரண்டேகாலுக்கெல்லாம் போய்விடும்.
நடுவில் கிடைப்பதைப்
பிடித்து வைக்கத்தான் இந்தக் குடில்.

வடக்கே முழங்கை நீளத் தடிமனில் மண்சுவர்.
தெற்கே, கோரோக்கிலிருந்து
ஜீப்பின் தலையில் வந்த
ஒரு சுருள் பிளாஸ்டிக் தாள்.
கண்ணாடிக்குக் காசு ஏது?
தாளே கடன்தான்.

எட்டுப் பெண்கள் சேர்ந்து வாங்கிய கடன்.
யாருக்கு முதலில் என்று சீட்டுப் போட்டோம்.
'நெக்பக்த்! பெயரிலேயே அதிர்ஷ்டத்தை
வைத்திருக்கிறவளுக்கு என்ன' என்றாள் ஸாவ்ரிநிசோ.
சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

உள்ளே கறுப்படித்த நாலு பீப்பாய்.
பகலில் வெயிலை வாங்கி
இரவில் சிறுகச் சிறுகத் திருப்பித் தரும் தண்ணீர்,
என்னைவிட ஒழுங்காகக் கடன் அடைக்கிறது.

நோவோசிபிர்ஸ்கில் சுவர் பூசுகிற கணவனிடம் சொன்னேன்:
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு,
உள்ளே கீரை.
'பொய்' என்றான்.
படம் அனுப்ப சிக்னல் இல்லை.
நானும் விட்டுவிட்டேன்.

அன்றிரவு ஆடு ஈன்றது,
மூன்று வாரம் முந்திக்கொண்டு.
இரண்டு குட்டி. நக்கி முடிப்பதற்குள்
ரோமத்தில் ஈரம் உறைந்துகொண்டிருந்தது.
வீட்டு அடுப்புக்கு வறட்டி ஏழுதான் மிச்சம்.
தொழுவத்தில் விட்டால் அதுகளுக்கு விடியாது.

தூக்கிக்கொண்டு ஓடினேன்.
தாய் பின்னாலேயே வந்தது.
தாயை மட்டும் வெளியே நிறுத்த முடியுமா?

காலையில் கதவைத் திறந்தால்,
நீர்த்துளி சொட்டும் தாளின் கீழே
பீப்பாயோடு முதுகை ஒட்டித்
தூங்குகின்றன இரண்டும்.
ஆடு,
மூன்று பாத்தியையும் மொட்டையடித்து,
முள்ளங்கித் தழையையும் விடாமல் முடித்து,
வாயோரம் ஒரு தண்டு தொங்க
என்னை நிமிர்ந்து பார்த்தது.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடச் சமையலுக்கு விற்றுத்
தவணை கட்டவிருந்த கீரை அது.

ஸாவ்ரிநிசோவிடம்தான் கணக்கு நோட்டு.
போய்ச் சொன்னேன்.
இப்போது சிரித்தாள்,
சுவரைப் பிடித்துக்கொண்டு,
கண்ணைத் துடைத்துக்கொண்டு.
பிறகு நோட்டை எடுத்து
'தவணை வராத காரணம்' என்ற இடத்தில் எழுதினாள்:
இரட்டைக் குட்டி.
உள்ளே போய் ஒரு பிடி விதை கொண்டுவந்து
என் உள்ளங்கையில் கொட்டினாள்.
'சும்மாவா?' என்றேன்.
'சும்மா எதற்கு? அடுத்த பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.'

திரும்பி வந்தபோது மணி பத்து.
ஆட்டின் கொம்பு கிழித்த இடம்
ஒரு சாண் இருக்கும்.
பார்சல் ஒட்டும் டேப்பைப் பல்லால் கடித்து
ஒட்டிக்கொண்டே இருந்தேன்.
இன்னும் அரைமணி இருந்தது.