கொசுவலை

வரைபடத்தில் பூங்காவின் எல்லை சிவப்புக் கோடு.
பசாருட்டோவின் கடலில்
அது நீர்மேல் எழுத்து.

லூர்தெஸ் இழுத்து வந்தது மீன்வலை அல்ல,
மலேரியாவுக்கென்று மருத்துவமனை கொடுத்த
நீலக் கொசுவலை.
உள்ளே அரிசிமணி அரிசிமணியாக,
இன்னும் மீன் என்று பெயர் வாங்காதவை.
அவற்றைத் திரும்பக் கொட்டினோம்.
பாதி மிதந்தன.

"வலை ஒன்று, ஈரம்" என்று சீட்டு எழுதினேன்.
பெருவிரலை மணலில் துடைத்துவிட்டு
மையில் ஒற்றினாள்.
"கொசுவுக்கும் ஒரு சீட்டு எழுதிக் கொடு,
ஸெஃபானியாஸ். ராத்திரிக்கு வேண்டும்."

நிலையத்துக்குப் பின்னால்
விடிந்தால் எரிக்கவேண்டிய குவியல்.
ஓதம் ஏறிய இருட்டில்
புல் மேய வந்த ஆவுளியா
மேலே எழுந்து மூச்சு விட்டது,
தலைச்சுமை இறக்கியவள் போல.
ஒன்று.
வெகுநேரம் காத்திருந்தேன்.
இரண்டாவது மூச்சு
அதே விலங்குடையதாகவும் இருக்கலாம்.

என் மகள் தூங்கும் வலையும் நீலம்தான்.

பதிவேட்டில் பன்னிரண்டு வலைகள்.
காலையில் எரிந்தவை பதினொன்று.
மற்றொன்று இப்போது
பாயின் மேலா, கடலுக்குள்ளா?
இந்தப் பக்கத்து ரோந்து
நாளையும் என்னுடையது.