மூலையில் ஒரு விலை

பெட்டி இல்லை. கடையில் காட்சிக்கு வைத்தது,
அதனால்தான் அரைவாசி விலை.
பூப்போட்ட கட்டில்விரிப்பால் சுற்றி
ஊப்பர்டாலின் தொங்கு ரயிலில் ஏற்றினோம்
நானும் குகதாசனும்.
வீட்டுக்குக் கொண்டுவந்து தர நாற்பத்தொன்பது யூரோவாம்.
"அந்தக் காசுக்கு நான் தலையில் வைத்துக்கொண்டு நடப்பன்"
என்றவர் நடக்கவில்லை.

ஆற்றுக்கு மேலே ஆடி ஆடிப் போகிறது ரயில்.
கிளூஸெ நிலையத்தில் விரிப்பு நழுவ
அணைந்த திரையில் எல்லாரும் தெரிந்தார்கள்:
பிள்ளைவண்டி, ஒரு நாய்,
லீக்ஸ் கட்டோடு ஒரு கிழவர்.
எங்களைப் பார்க்காமல்
தங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.
அன்றைக்கு அது காட்டிய படம்தான்
இன்றுவரை துல்லியம்.

அபிப்பிராயத்துக்கு மட்டும் கூலி இல்லை,
அடுத்த நாளே வந்து சேர்ந்தது.
லண்டன் மச்சான்: நவம்பர் மட்டும் பொறுத்திருக்கலாமே.
கீழ்வீட்டு ரெகீனா: இவ்வளவு பெரிசாக முகம் தெரிந்தால்
செய்தி வாசிக்கிறவர்கள்தான் பாவம்.
பவளராணி அக்கா: ஒலிப்பெட்டி தனியாக வாங்கவேணும்,
இப்பத்தைய படங்களில் ஒருத்தரும்
வாய் திறந்து கதைக்கிறதில்லை.
கடைப் பொடியன் யானிக்தான்
மேலாளர் அந்தப்பக்கம் போக மெல்லச் சொன்னான்:
"இங்கே எல்லாத் திரையும் பொய் சொல்லும்.
வெளிச்சத்தைக் கூட்டி, பச்சையைப் பிழிந்து வைத்திருக்கிறோம்.
வீட்டில் போட்டால் உங்கள் வீட்டைப் போலத்தான் இருக்கும்."
அந்த வசனத்துக்காகவே வாங்கலாம் போலிருந்தது.

மூன்றாம் இரவு, பனிமூட்டத்தில் தொடங்குகிற ஒரு படம்.
வெள்ளை விரிய விரிய
வலது கீழ்மூலையில் சாம்பலாய் எழும்பியது
1199.
பதினொரு மாதம் அதே இடத்தில் எரிந்த விலை
கண்ணாடிக்குள் ஊறிவிட்டது.
ஈரத்துணியால் துடைத்தேன், பிறகு சேலைத் தலைப்பால்,
பிறகு நகத்தால்.
"அம்மா, அது ஊத்தை இல்லை, விடுங்கோ" என்றாள் மிதுஷா.

அதன்பிறகு எல்லாவற்றுக்கும் ஒரே விலை.
வானிலை வரைபடத்தில் பவேரியா 1199.
பனிச்சறுக்கு வீரன் விழுந்த இடம் 1199.
கதாநாயகி குப்புறக் கிடந்து அழுத
வெள்ளைத் தலையணையும் அவ்வளவுதான்.

காட்சிப்பொருளைத் திருப்பி எடுப்பதில்லை என்றார் மேலாளர்.
இலக்கணப் பிழைகளோடு முக்கால் மணிநேரம் சண்டை பிடித்து
அறுபது யூரோவும் ஒரு கேபிளும் வென்று வந்தார் குகதாசன்.
அந்தக் கேபிளைச் செருக
வீட்டில் ஒரு ஓட்டையும் மிச்சமில்லை.
ஆனால் விருந்தாளிகள் வந்தால்
துருவக் கரடிகளைத்தான் போடுவார்.
பனிவெளியில் இலக்கம் மிதக்கும்.
"ஆயிரத்து இருநூறோ!" என்று அவர்கள் வாய்பிளக்க
இவர் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டிருப்பார்,
மறுக்கமாட்டார்.

நேற்று மிதுஷா பழைய நாடாவை மாற்றியெடுத்து
எங்கள் கலியாணத்தைப் போட்டாள்.
திருச்சி, இரண்டாயிரத்தொன்று, வாடகை மண்டபம்.
இடப்பக்கம் நான், நெற்றிச்சுட்டி சரிந்துபோய்.
வலப்பக்கம் அவர், வெள்ளைப் பட்டுவேட்டி.
சப்பாணி கட்டிய முழங்காலில்
இதுவரை இல்லாத தெளிவோடு
1199.

ஐயர் மந்திரம் சொல்லுகிறார்.
சோபாவில் ஒருவரும் அசையவில்லை.
திரையின் ஓரத்தில் என் அப்பா
புதுச்சட்டையின் மடிப்புக் கலையாமல்
கைகட்டி நிற்கிறார்.
அவர் எண்ணிக் கொடுத்த கணக்கு எனக்குத் தெரியும்.
"இது தள்ளுபடி விலை" என்றேன்.

குகதாசன் ரிமோட்டை எடுத்தார்.
சினிமா முறை. விளையாட்டு முறை. இரவு முறை.
வேட்டி மங்கியது, நான் மங்கினேன்,
இலக்கம் நின்றது.
எனக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது.
அவருக்கும் வந்தது, கொஞ்சம் பிந்தி.

மேளம் உச்சத்துக்குப் போக
ரெகீனா தும்புத்தடியால் கீழிருந்து தட்டினாள்.
மணி பத்தேகால்.
தாலி கட்டுகிற இடத்தைச்
சத்தமில்லாமல் பார்த்தோம்.