மீதி

பெயர் வேண்டாம். வண்டி நம்பரும் வேண்டாம்.
வேலூரிலிருந்து பாலாற்றைத் தாண்டும்
எத்தனையோ தனியார் பஸ்களில் ஒன்றை
அவர் ஓட்டினார் என்பது போதும்.

ஹெர்னியாவுக்கு வந்திருந்தார்.
சர்க்கரை? இல்ல.
ஆஸ்துமா? இல்ல.
வலிப்பு?
அதற்கும் இல்லைதான்,
ஆனால் மச்சான் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்ன இல்லை.

ஃபைல் கவர் ஒன்று வாங்கி வரச் சொல்லி
மச்சானைக் கீழே அனுப்பினேன்.
வளையம் இரண்டு கழன்ற திரை,
முழுதாக மூடாது.
அந்த இடைவெளியில் நாற்காலியைப் போட்டு
வார்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

ரெண்டு தடவை, சிஸ்டர்.
ஒண்ணு வீட்ல. ஒண்ணு ஷெட்டுல,
வண்டி நின்னுட்டுதான் இருந்துச்சு.
எழுதாதீங்க.

யாரிடமும் சொல்லமாட்டேன் என்று
நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன்.
டாக்டர் படிப்பார் என்றேன்.
மயக்க மருந்து கொடுப்பவர் படிப்பார்.
ஸ்டியரிங்கைப் பற்றிப் பேசத்தான் பேசுவார்கள்.
முதலாளி படிக்கமாட்டார். மச்சானும்.
வெகுநேரம் ஃபேனைப் பார்த்தார்.
பிறகு தேதிகளை அவரே சொன்னார்,
என் பேனா வேகத்துக்கு, நிறுத்தி நிறுத்தி.

ஆடி போய் ஆவணி.
"அந்த டிரைவரு ஒங்க ஆஸ்பத்திரிலதான படுத்திருந்தாரு, என்னவாம்?"
பக்கத்து சீட் குணவதி.
தெரியலையே என்கிறேன். ஜன்னலில் கோட்டை அகழி.

விசில். தோளில் பையோடு அவர்.
என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.
நானும்.
சில்லறை இல்லாமல்
டிக்கெட்டின் முதுகில் மூன்று என்று எழுதி
வட்டம் போட்டுக் கொடுத்தார்.

இறங்கும்போது கேட்கவில்லை.
மறந்துட்டேன் என்றுதான்
குணவதியிடம் சொன்னேன்.