நான்காவது கட்டம்

ஹோர்ஷம் எண்பத்திரண்டு கிலோமீட்டர்.
பஸ் செவ்வாய் மட்டும்,
பள்ளி விடுமுறையென்றால் அதுவும் இல்லை.
எனக்கு இது தெரியவந்தது
மருந்துக்கடை இழுப்பறையில்
பெயர் ஒட்டியபடி மாதக்கணக்காய்க் கிடந்த
பொட்டலங்களால்.

ஆகஸ்டில் ஒரு புதன் இரவு
தீயணைப்புக் கொட்டகையில் ஒன்பது பேர் கூடினோம்.
கோலின் டிரெஷ்லர்
செத்துப்போன தங்கையின் கொரோலாவைத் தந்தார்.
"பின்கதவு உள்ளேயிருந்து திறக்காது.
மற்றபடி குறையில்லை."
லோர்னா மக்பானுவா கேக் கொண்டுவந்தாள்,
கேக்குக்கு அடியில்
காப்பீட்டுத் தாள் பதினான்கு பக்கம்.
போலீஸ் நற்சான்று எல்லோருக்கும் கட்டாயம் என்றதும்
பத்தொன்பது வயதில் திருடிய வாத்தைப் பற்றி
எழுத வேண்டுமா என்று கோலின் கேட்டார்.
வேண்டாம் என்று ஓட்டெடுப்பில் முடிவானது.

நோட்டில் நான்கு கட்டம் போட்டேன்:
பெயர். இடம். கிலோமீட்டர். காரணம்.
நான்காவது என் யோசனை.
காசு தருகிறவர்கள் கேட்பார்கள் என்றேன்.
சீட்டில்லாமல் ஒரு மாத்திரை கொடுத்தறியாத கை,
வேறெப்படி யோசிக்கும்?

மூன்று வாரம் போன் அடிக்கவில்லை.
திங்கள்தோறும் அதைக் கைமாற்றிக்கொண்டோம்,
பக்கத்து வீட்டுக் குழந்தையைப் போல,
தூங்குகிறதா என்று பார்த்துப் பார்த்து.
ஒருநாள் நானே அதற்கு அடித்தேன்.
அடித்தது. வைத்துவிட்டேன்.

முட்டை கொடுத்த தட்டு
வெறுமையாய்த் திரும்பாத ஊர் இது.
யார் கேட்பார்கள்?

நான்காம் வாரம் நோரீன் ஹாச்சர்ட்.
"ஹோர்ஷம். கண்."
எழுதிக்கொண்டேன்: கண்.

பின்சீட்டில்தான் உட்காருவேன் என்றாள்.
முப்பத்தொரு வருஷம் இந்த ஊர்ப் பள்ளி பஸ்
அவள் ஓட்டியது.
"முன்னால் இருந்தால் கால் சும்மா இராது, பிரேக்கைத் தேடும்."
ஆனால் வாய் சும்மா இருந்ததா?
கியரை மாற்று. இங்கே சரளை. மெதுவாக.
"கங்காரு" என்றாள்.
நான் பிறகுதான் பார்த்தேன்.

"இனி இடது."
ஹோர்ஷம் நேரே என்றேன்.
"டாக்டர் நேரே. நான் இடது."

இருபுறமும் கனோலா,
கண்ணைக் கூசும் மஞ்சள்.
அது முடிந்த இடத்தில் ஏரி.
பதினோரு வருஷம் காய்ந்து கிடந்து
இந்தக் குளிர்காலம் நிறைந்ததாம்.
ஊரெல்லாம் வந்து பார்த்துவிட்டது.
நான் கூட வரவில்லை, வேலை.

இறங்கிப்போய்க் கதவைத் திறந்தேன்,
ஆயிரம் பிள்ளைகளுக்குக் கதவு திறந்தவளுக்கு.
அவள் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"நடுவில் எல்லாம் போய்விட்டது,
ஓரம் மட்டும் மிச்சம்."
ஏரியைப் பார்க்க
என் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.
முக்கால் மணி நேரம்
என்னையே பார்ப்பதுபோல்
தண்ணீரைப் பார்த்தாள்.
எனக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

திரும்பும்போது சொன்னாள்:
"உன் முறை வரட்டும் என்றுதான் இருந்தேன்.
மற்றவர்கள் என் பஸ்ஸில் வந்தவர்கள்,
இல்லாவிட்டால் வந்தவர்களைப் பெற்றவர்கள்.
நீ ஒருத்தன்தான் ஏறாதவன்."
டப்பாவில் பத்து டாலர் போட்டாள்.
தாளைத் தடவி, மடித்து, இன்னொரு முறை தடவி.

மாதக் கூட்டத்தில் லோர்னா வாசித்தாள்.
"ஹாச்சர்ட், ஹோர்ஷம், அறுபத்தெட்டு கிலோமீட்டர், கண்."
கோலின் விரலை மடக்கினார்:
போய்வர நூற்றறுபத்து நாலு அல்லவா?
யாரும் வாய் திறக்கவில்லை.
கேக் கத்தி ஒருமுறை தட்டில் உரசியது.
"கண்தானே," என்றார் அவரே,
"அதற்கு அவ்வளவு தூரம் வேண்டாம்."

அக்டோபர் பக்கம் நிறைந்துவிட்டது.
டயாலிசிஸ், டயாலிசிஸ்,
பல், முழங்கால், டயாலிசிஸ்.
நடுநடுவே
கண். கண். கண்.
முடிவெட்டப் போனவருக்குக் கண்,
அண்ணனோடு சீட்டாடப் போனவருக்குக் கண்.
ஏழு பேர் ஒரே மாதத்தில்.

கடையில்
சொட்டு மருந்து ஒரு குப்பிகூட விற்கவில்லை.