வேற மாத்திரை

"வேற மாத்திரை எதுவும் சாப்பிடுதியளா?"
"இல்லப்பா" என்றாள் முப்பிடாதியக்கா.
போன மாசமும் இதைத்தான் கேட்டேன்.
இல்லை, போன மாசம் கேட்கவில்லை.
சில்லறை தேடிக்கொண்டிருந்தேன்.
மூட்டுவலிக்குப் பத்து மாத்திரை
கிடந்த தாளில் சுருட்டிக் கொடுத்தேன்.

இன்றைக்கு வாங்க வந்தது பல்பொடி.
ஈறில் ரத்தம் வருதாம், ஒரு வாரமா.
"பீடித்தூள் சூடு" என்கிறாள்.
முழங்கையில் ஒரு நீலம்.
தட்டு இடித்திருக்கும் என்கிறாள்,
இடித்த ஞாபகம் இல்லை.

பையைக் கொட்டச் சொன்னேன்.
கண்ணாடிமேல் இலைத்தூளோடு விழுந்தன:
ஹைகிரவுண்டில் கொடுத்த
ரத்தம் உறையாமலிருக்கிற மாத்திரை
(வால்வு மாற்றி மூணு வருஷம்),
நான் விற்றதில் மிச்சம் ரெண்டு,
பொட்டல்புதூர்ப் பக்கம் யாரோ தந்த சூரணம்,
வாயைப் பீடிநூலால் கட்டியிருந்தது.

"இதெல்லாம் மாத்திரை இல்லியாக்கா?"
"அது நெஞ்சுக்குல்லா.
நீ மூட்டுக்குத்தான கேட்டே."

ஊர்ப்பேர் முக்கூடல்.
எது எதோடு கூடுகிறதென்று
ஆற்றைக்கூட இங்கே யாரும் விசாரிப்பதில்லை.

ஒன்று ரத்தத்தை இளக்கும்,
ஒன்று இரைப்பையைச் சுரண்டும்,
ரெண்டும் சேர்ந்தால் உள்ளே கசியும் என்றேன்.
சூரணத்தில் என்ன இருக்கிறதென்று
எனக்குத் தெரியாது. அதையும் சொன்னேன்.
"வெளிக்குக் கருப்பாப் போகுதா?"
கடையில் ரெண்டு ஆம்பளைகள்.
தலையைக் குனிந்து
விரலால் மட்டும் காட்டினாள்:
மூணு நாள்.

"ஒருத்தரும் சொல்லலியே" என்றாள்.
குற்றமாக இல்லை,
மழை பெய்யலியே என்பதுபோல.

சொல்லித்தான் இருக்கிறது.
ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் எட்டாக மடித்து,
எறும்பு எழுத்தில், இங்கிலீஷில்.
போன மாசம் சுருட்டிக் கொடுத்தது
அந்தத் தாளில்தான்.

"வலி மாத்திரையை இனித் தொடாதிய.
நெஞ்சு மாத்திரையை நீங்களா நிறுத்திராதிய.
இப்பமே ஹைகிரவுண்டுக்குப் போங்க.
பையோட போங்க, சூரணத்தையும் காட்டுங்க."
"டாக்டர் ஏசுவாரே."
"ஏசட்டும்."
பக்கத்துக்கடை தங்கதுரை ஆட்டோவில்
ஏற்றிவிட்டேன். பல்பொடி
கண்ணாடிமேலேயே கிடந்தது.

ஆறு மணிக்கு பாபநாசம் பஸ் வந்து
கடை நிறைந்தது.
முதல் ஆளிடம் கேட்டேன்.
அடுத்தவரிடம் கேட்டேன், "ஏன், போலீஸா நீரு?" என்றார்.
மூன்றாவது அம்மா யோசித்து
நாலு மாத்திரைப் பேர் சொன்னாள்.
நாலாவது ஆள்
சரியாகச் சில்லறை வைத்திருந்தார்.