அனுப்பும் காரணம்

என் கணினிக்குத் தெரிந்த காரணங்கள் நான்கு:
குடும்பச் செலவு, படிப்பு, மருத்துவம், மற்றவை.
வாகிதி சொல்வதோ,
"இந்த மாசம் ஜன்னல்."

சூலியா தெருவில், பணம் அனுப்பும் கடையில்
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பதினோரு வருடமாய் நான்.
அந்தப் பக்கம் அவள்,
மாதத்தின் முதல் ஞாயிறு, மூன்று மணிக்கு,
ஹோட்டல் விரிப்புகளின் சலவை வாசனையோடு.

கிழக்கு ஜாவாவில், மலை இறங்கி முடிகிற இடத்தில்
சும்பர்வாரு என்றொரு கிராமம்.
நான் போனதில்லை.
ஆனால் அங்கே ஒரு வீட்டை
அஸ்திவாரத்திலிருந்து அறிவேன்.
மார்ச்சில் ஆற்று மணல்.
நோன்பு மாதத்தில் ஒன்றுமில்லை.
பிறகு ஓடு, எண்ணூற்று ஐம்பது;
வண்டியில் உடைந்தவை நாற்பது, அதற்கும் காசு.

பட்டா இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டேன்.
கிராமத் தலைவர் கையெழுத்திட்ட தாள் இருக்கிறதாம்.
அதில் அடி இல்லை, மீட்டர் இல்லை.
கிழக்கே தேக்கு,
மேற்கே பாக் சரிமானின் வாய்க்கால்,
தெற்கே மையத்தாங்கொல்லை மூங்கில்.
வடக்கே "எல்லாருக்கும் தெரியும்"
என்று எழுதியிருக்கிறதாம்.

மாடு ஒன்றும் உண்டு. அதை மேய்ப்பவர் சரிமான்.
முதல் கன்று அவருக்கு, அடுத்தது இவளுக்கு.
மலாயில்தான் பேசுவோம்; அன்று மட்டும்
வாரம் என்ற சொல்லைத் தமிழிலேயே கொடுத்தேன்.
இரண்டு தரம் சொல்லிப் பார்த்து வைத்துக்கொண்டாள்.
அந்த மாடு ஒரே ஒரு கன்றோடு நிறுத்திக்கொண்டது.
ஆக, பிறக்காத கன்று ஒன்று
அவள் சொத்துக் கணக்கில் இருக்கிறது.

என் சொத்தையும் விசாரித்தாள்.
ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் ஏழாவது மாடி, வாடகை;
மோட்டார் சைக்கிள், இன்னும் நான்கு தவணை.
"உங்களுக்கு வடக்கே என்ன?" என்றாள்.
லிஃப்ட், என்றேன்.

ஜன்னல் மொத்தம் ஆறு. பச்சை.
எந்தப் பச்சை என்று காட்ட
என் முத்திரைப் பெட்டியின் மூடியை
கண்ணாடி ஓட்டை வழியே விரல் விட்டுத் தொட்டாள்.

ஜூலையில் வந்தவள் பணத்தை எடுக்கவில்லை.
கைப்பேசியைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தாள்.
வீடு.
ஆறு ஜன்னலுக்கும் செங்கல் வைத்துப் பூசியாகிவிட்டது.
கூரைக்குக் கீழே ஒரு துளை, முழங்கை நுழையுமளவு.
தம்பி கெமிஸின் குரல்:
ஆளில்லாத வீடு, அக்கா,
உழவாரக் குருவிக்கு விட்டிருக்கிறேன்,
கூடு கிலோ என்ன விலை தெரியுமா?

உள்ளே ஒலிபெருக்கி,
இரவும் பகலும் பொய்க் குருவிகளின் கீச்சு.
மெய்க் குருவிகள் அதை நம்பி வரவேண்டும்.

இந்தத் தெருவிலும் ஒரு காலத்தில்
மாடிகளை இப்படி அடைத்து வைத்திருந்தார்கள்,
எங்கள் கடை மாடி உட்பட.
எச்சிலுக்கு விலை ஏறியது,
குடியிருந்தவர்கள் இறங்கினார்கள்.
அதை நான் சொல்லவில்லை.

அவள் அஞ்சடிக்கு நடந்தாள்.
தன் வீட்டுச் சத்தத்தை முழுதாகக் கூட்டி
கையை உயர்த்திப் பிடித்தாள்.
மீ கோரெங் வண்டிக்காரன் திரும்பிப் பார்த்தான்.
மின்கம்பிகளுக்கு மேலிருந்து
இரண்டு குருவிகள் வெட்டி இறங்கின.
பெயர்ப் பலகையை ஒரு சுற்று. இன்னொரு சுற்று.
எங்கே துளை என்று தேடின.
அவள் அணைத்துவிட்டாள்.

உள்ளே வந்து இருநூறு வெள்ளியைத் தள்ளினாள்.
"கெமிஸ் பேருக்கா?"
"பாக் சரிமான் பேருக்கு.
சுத்தியல் அவரிடம் இருக்கு.
வடக்கு ஜன்னல் மட்டும் போதும்."

மற்றவை, என்று அழுத்தினேன்.
கட்டணம் எட்டு வெள்ளி.
சில்லறையாகக் கொடுத்தாள், எண்ணி.